தடுப்பூசியும் ஊர்ப் பொறுப்பும்

(நெய்க்காரப்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்குக் காலாகாலத்தில் போடவேண்டிய தடுப்பூசிகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது வைத்தியர்கள் பேசவேண்டிய விஷயமல்லவா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஊசிமருந்து எவ்வாறு தயாராகிறது, சரீரத்துக்குள் சென்று அது என்ன காரியம் செய்கிறது என்பன வைத்திய சாஸ்திரத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் அந்த மருந்து ஒரு கிராமத்தின் கடைசி வீட்டுக் குழந்தை வரைக்கும் சென்று சேர்கிறதா, சேர்ந்தபோது அந்த வீட்டுத் தாய் அதை மனம் ஒப்பி ஏற்கிறாளா என்பது ஊராரைச் சேர்ந்த விஷயம். இதைப் பற்றியே நான் பெரும்பாலும் பேசப்போகிறேன். தமிழ்நாட்டின் இருநூறாண்டு அனுபவத்தை எண்ணிப் பார்க்கையில், மருந்து கிடைத்த பிறகும் அது வாசலுக்கு வந்து சேராமையாலும், வந்து சேர்ந்தபோது நம்பிக்கை இல்லாமையாலும் நாம் பறிகொடுத்த குழந்தைகள் மிகப் பலர் என்பது புலனாகிறது.

பெரியம்மையிலிருந்து தொடங்குகிறேன். இந்தச் சபையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருடைய கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் அந்தத் தழும்பு இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. இங்கிலாந்தில் 1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் எட்வர்டு ஜென்னர் என்ற வைத்தியர் பசுவின் அம்மை தொற்றிய பெண்ணொருத்தியின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஒரு சிறுவனின் கையில் ஏற்றி, அவனுக்குப் பெரியம்மை பற்றாதபடி செய்து காட்டினார். ஆறே ஆண்டுகளில், 1802 ஜூன் 14-இல், பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு அந்த அம்மைப்பால் குத்தப்பட்டது. அதே ஆண்டில் அது சென்னை இராஜதானிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிராத அக்காலத்தில், ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் ஏற்றி, அந்தக் குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி, இப்படிக் கைக்குக் கை மாற்றியே மருந்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். சுவாமி நாயக் என்ற நம்மவர் ஒருவர் அந்தத் தொடக்க காலத்தில் சென்னையில் இப்பணியில் முன்னணியில் நின்றார் என்பதைச் சரித்திரம் குறித்துவைத்திருக்கிறது.

ஜனங்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. அந்நிய அரசாங்கத்தின் காரியம் என்ற ஐயம், பசுவின் நோயை மனிதனுக்கு ஏற்றுவதா என்ற கூச்சம், வேறொரு சாதிக் குழந்தையின் இரத்தநீர் நம் குழந்தைக்குள் வருவதா என்ற அக்காலத்து எண்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மை கண்டிருப்பது தேவியின் வருகை என்ற பக்தி ஆகிய இவையெல்லாம் சேர்ந்து நின்றன. இவற்றை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் சந்நிதியிலும், பழனி மாரியம்மன் சந்நிதியிலும் மாசித் திருவிழாக் காலத்தில் கூடும் ஜனத்திரளைப் பாருங்கள். குழந்தையைக் காப்பாற்று என்ற வேண்டுதல் அங்கே இன்றும் ஒலிக்கிறது. வாசலில் வேப்பிலை செருகி, அயலார் உள்ளே வராமலும் வீட்டார் வெளியே போகாமலும் விரதம் காத்த அந்த வழக்கத்தில், நோயாளியைத் தனியே வைக்கும் நற்காரியம் ஒன்று பக்தியின் பெயரால் நடந்துவந்தது. சென்னைத் தண்டையார்ப்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான பெரியம்மை நோயாளிகளைக் கண்டு ஆராய்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், அந்நோய் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் நெருங்கிப் பழகுவோரிடையேதான் பரவுகிறது என்று எடுத்துக்காட்டினார். நோய் கண்ட வீட்டைச் சூழ்ந்து அம்மை குத்தி அதை அங்கேயே அடக்கிவிடலாம் என்ற பிற்காலத்து முறைக்கு இத்தகைய ஆராய்ச்சிகள் அடிப்படையாயின.

கைக்குக் கை மாற்றும் அருவருப்பான முறை மறைந்ததற்குக் காரணமானவர்களில் ஒருவர், சென்னை இராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த வால்டர் கிங் என்ற மருத்துவர். கன்றின் தோலிலிருந்து எடுத்த அம்மைப்பாலை லனோலின் என்ற கொழுப்புப் பசையோடு சேர்த்து, வெயில் மிகுந்த நம் நாட்டிலும் கெடாமல் அனுப்பும் வழியை அவர் கண்டார். கிண்டியில் உள்ள கிங் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்குவது; பிற்காலத்தில் பெரியம்மை ஒழிப்புக்கு வேண்டிய உலர்ந்த அம்மைப்பாலை நாட்டுக்குத் தயாரித்துக் கொடுத்த நிலையங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவில் தோன்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே 24-இல் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். 1980 மே 8-இல், பூமண்டலம் முழுவதிலுமே அந்நோய் அற்றுப்போய்விட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மானிட ஜாதியை வாட்டிய ஒரு கொடிய வியாதி மனித முயற்சியாலேயே ஒழிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கிறது.

சட்டமும் இதில் தன் பங்கைச் செய்தது. ராஜாஜியின் மந்திரிசபையில் திருச்சி டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில், 1939-இல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. அம்மை குத்திக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அச்சட்டத்தில் உண்டு. ஆயினும், அம்மை குத்துபவர் ஊருக்குள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் குழந்தைகளை வைக்கோற்போருக்குப் பின்னே ஒளித்துவைத்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சட்டம் கதவைத் திறக்கச் செய்யலாம். தாயின் மனத்தைத் திறக்கச் செய்வது அதனால் ஆகாது.

அந்த மனத்தைத் திறக்கத் தெரிந்த ஒருவர் நம் ஜில்லாவிலேயே வாழ்ந்தார். டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார், பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கைம்மை அடைந்து, டில்லியில் வைத்தியம் கற்று, காந்தியடிகளின் பணிக்குத் தம்மை ஒப்படைத்துக்கொண்டு, 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். காந்தியடிகள் அம்மை குத்துவதை ஏற்கவில்லை. அது தம் தர்மத்துக்கு ஒவ்வாதது என்றே எழுதினார். 1930-இல் தண்டி யாத்திரைக்குச் சற்று முன்பு சபர்மதி ஆசிரமத்துக் குழந்தைகள் சிலர் பெரியம்மையால் மாண்டபோது தாங்கவொண்ணாத துயரத்துக்கு உள்ளானார். மகாத்மாவிடம் நாம் கொண்டுள்ள பக்தி, இந்த ஒரு விஷயத்தில் அவர் கொண்ட கருத்து சரியானதன்று என்று சொல்வதற்குத் தடையாக இருக்கவேண்டியதில்லை. அவரைத் தந்தையாகப் போற்றிய சௌந்தரம் அம்மையாரே, சிறியதாகத் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவமனையைப் பிரசவத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் சுற்றுப்புறக் கிராமங்கள் நம்பிவரும் இடமாக வளர்த்தார். கிராமச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றும் நிலையமும் காந்திகிராமத்தில் உருவாயிற்று. மருந்தைவிட முன்னதாக மனிதர் கிராமத்துக்குள் செல்லவேண்டும், தெரிந்த முகமாக இருக்கவேண்டும் என்பது அங்கே நடைமுறையில் நிரூபணமான பாடம்.

இனி, ஊசியை ஏன் ஊர்ப்பொறுப்பு என்கிறேன் என்பதை விளக்கவேண்டும். தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்வோமே, அதுதான். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் மட்டுமே வாழும் ஓர் ஊரில், தட்டம்மை கண்ட ஒரு குழந்தையிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை அது தொற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை வேகமாகப் பரவும் நோய் ஓர் ஊருக்குள் நுழைந்தாலும் பற்றிக்கொள்ள இடமில்லாமல் அணைந்துபோக வேண்டுமானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்கவேண்டும். இருபதில் பத்தொன்பது என்று வைத்துக்கொள்ளலாம். மீதியுள்ள ஒருவர் யார்? ஒன்பது மாதம் நிரம்பாத பச்சிளங்குழந்தையாக இருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து உண்டுவரும் சிறுமியாக இருக்கலாம். ஊசி போட்டும் அது பலிக்காத பிள்ளையாக இருக்கலாம். இவர்களைச் சுற்றி நிற்கும் பத்தொன்பது பேரே இவர்களுக்கு அரண். குதிரையாற்றுத் தண்ணீரையும் பொருந்தலாற்றுத் தண்ணீரையும் கண்ட உங்களுக்குக் குடிமராமத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை: குளத்தங்கரையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட்டார்கள், கரை முழுவதும் உறுதியாக இருந்து ஒரு முழ அகலத்தில் உடைப்பெடுத்தாலும், வெள்ளம் அந்த ஒரு முழத்துக்கு உரியவனுடைய வயலில் மட்டும் பாயாது. அந்தக் கரையை ஒருமுறை கட்டிவிட்டு ஓய்ந்திருக்கவும் முடியாது. ஒவ்வோராண்டும் இந்த ஊரில் புதிய குழந்தைகள் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கிறார்கள்; ஒவ்வோராண்டும் புதிய மண் விழவேண்டும்.

இந்தப் பொது அரண் உதவாத நோய் ஒன்றும் உண்டு என்பதைக் கால்நடை வளர்க்கும் நீங்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். ரண ஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்து வடிவில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கிறது. கொழு பட்ட காயத்திலோ, துருவேறிய ஆணி குத்திய புண்ணிலோ, தூய்மையற்ற கருவியால் அறுத்த தொப்புள்கொடியிலோ புகுந்துவிடுகிறது. பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, உடல் வில்லாக வளைந்து, பிறந்த சில நாட்களுக்குள் சிசுக்கள் மடிந்தது நம் கிராமங்கள் நன்கறிந்த துக்கம். கர்ப்பிணிக்கு ஊசி போட்டால் அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியே சிசுவைச் சேர்ந்து அதைக் காக்கிறது என்பது விஞ்ஞானம் கண்ட அற்புதங்களுள் ஒன்று. 2015-இல் இந்தியா இந்தச் சிசு ஜன்னியைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டது. கிருமி மண்ணில் இருக்கத்தான் இருக்கிறது. ஊசி நின்றால் அது திரும்பும்.

தொண்டை அடைப்பானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இன்று நாம் மிகவும் அசட்டையாக இருப்பது இதில்தான். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு ஒன்று படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி கக்கும் விஷம் இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். 1890-இல் பெர்லினில் பேரிங் என்ற ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்ற ஜப்பானியரும் அந்த விஷத்தை முறிக்கும் பொருளைப் பிராணிகளின் இரத்தத்தில் கண்டார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் அந்த விஷமுறிவு மருந்தே இன்றும் சிகிச்சைக்கு ஆதாரம். ஆனால், இருதயத் தசையைப் பற்றிக்கொண்டுவிட்ட விஷத்தை எந்த மருந்தாலும் மீட்டெடுக்க முடியாது. ஆகவே ஒரு நாள் தாமதமும் உயிருக்கு விலையாகலாம். தக்க சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் வரையில் இறக்கக்கூடிய நோய் இது. 1920-களில் பிரான்ஸில் ராமோன் என்பவர், அதே விஷத்தை ஃபார்மலின் சேர்த்துத் தீங்கற்றதாக்கி, அதையே தடுப்பு மருந்தாக்கினார். முத்தடுப்பு ஊசியில் நம் குழந்தைகள் பெறுவது அதைத்தான். இத்தனை எளிய பரிகாரம் இருந்தும், உலகில் பதிவான தொண்டை அடைப்பான் நோயாளிகளில் மிகப் பெரும் பங்கு பல ஆண்டுகள் இந்தியாவைச் சேர்ந்ததாக இருந்தது. முன்பு மழலைகளை வருத்திய அந்நோய் இப்போது பள்ளிச் சிறுவர்களிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. காரணம் வெளிப்படையானது: கைக்குழந்தையாக இருக்கும்போது மூன்று தவணை போட்டவர்கள், ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடவேண்டிய ஊக்கத் தவணைகளை மறந்துவிடுகிறார்கள், சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியோ ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துபோகிறது.

ரூபெல்லா என்ற நோயின் பெயரையே பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், சிறிது தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஒரு பெண்ணுக்கு வந்தால் வயிற்றுச் சிசுவின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் கெடுத்துவிடுகிறது. 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இதை முதலில் கவனித்தார். நமக்குப் பக்கத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பிறவிக் கண்புரையுடன் கொண்டுவரப்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவர்களில் கணிசமானவர்களுக்கு ரூபெல்லாவே காரணம் என்று கண்டறிந்தார்கள். பெண்குழந்தைக்கு இன்று போடும் ஊசி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வயிற்றில் பிறக்கப்போகும் குழந்தையின் பார்வையைக் காக்கிறது. ஆண்குழந்தைக்குப் போடும் ஊசி அவன் தன் வீட்டுக் கர்ப்பிணிக்கு அந்நோயைக் கொண்டுவராமல் தடுக்கிறது.

கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களையே அதிகம் கொல்வதால்தான் ஆறாவது வாரத்திலேயே ஊசியைத் தொடங்குகிறார்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பெரிதாகப் பயன்படுவதில்லை என்று நம் செங்கற்பட்டு ஜில்லாவில் நடந்த மாபெரும் பரிசோதனையே காட்டிற்று. எனினும் சிசுக்களின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அது காக்கிறது.

இளம்பிள்ளை வாதம் ஒழிந்த கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேல்நாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமான மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதாது, மேலும் பல தவணைகள் வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னார். 1995 டிசம்பரில் தேசம் முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முயற்சி தொடங்கிற்று. பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் மேசை போட்டு அமர்ந்து, வழிச்செல்லும் குழந்தைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பிய அந்த ஊழியர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்த ஊழியத்தைச் செய்தும் இருப்பீர்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பல ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வந்து கூடும் பழனியை அடுத்து வாழும் நமக்கு இதன் அருமை விசேஷமாகத் தெரியவேண்டும். தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகும், இந்தியாவில் 2011 ஜனவரி 13-க்குப் பிறகும் அந்த வைரஸ் எந்தக் குழந்தையின் காலையும் இயற்கையாகப் பற்றி முடக்கவில்லை. 2014 மார்ச் 27-இல் அதற்குரிய சான்றிதழும் கிடைத்தது.

இத்தனையும் சொல்லிவிட்டு, நடந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு உண்மையானவனாக மாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. நாடு அதிர்ந்தது, விசாரணைகள் நடந்தன. இனி ஊசியைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ப் போடவேண்டாம், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்கள் வரட்டும் என்று அரசாங்கம் முடிவுசெய்தது. எச்சரிக்கையில் பிறந்த முடிவு அது. நல்லெண்ணமும் அதில் இருந்தது. ஆனால் விளைவு என்ன? கூலி வேலையை விட்டுவிட்டு, ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, பேருந்து ஏறிச் சுகாதார நிலையத்துக்குப் போய்வருவது எத்தனை தாய்மார்களுக்கு இயலும்? ஓராண்டு நிறைந்து இரண்டாண்டு நிறையாத குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்றவர்கள், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 81 பேர். 2015-16-இல் அது ஏறத்தாழ 70 ஆகக் குறைந்துவிட்டது. பல காரணங்கள் கூடியிருக்கலாம். ஊசி வாசலைவிட்டு விலகிப்போனது அவற்றுள் முக்கியமானது என்பதே என் அபிப்பிராயம். நான்கு குழந்தைகளின் மரணம் எந்தக் கணக்கிலும் கரைத்துவிடக் கூடாத துக்கம். அந்தத் துக்கத்தின் பெயரால் மேலும் பல குழந்தைகள் அரண் இல்லாமல் விடப்பட்டது இரண்டாவது துக்கம். 2019-21 கணக்கெடுப்பில் அந்த எண் மறுபடியும் 89-க்கு உயர்ந்திருக்கிறது என்பதைச் சந்தோஷத்தோடு சொல்கிறேன்.

அப்படி உயர்ந்ததில் பெரும்பங்கு யாருக்கு உரியது என்று கேட்டால், கிராம சுகாதாரச் செவிலியருக்கு என்றே நான் விடை சொல்வேன். ஊசி மறுபடியும் ஊருக்குள் வரத் தொடங்கியபின், புதன்கிழமை தோறும் அவர் தோளில் சுமந்துவரும் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உறைந்த நீர்க்கட்டிகள் நான்கு புறமும் நிற்க, நடுவில் மருந்துக் குப்பிகள் இருக்கும். மருந்து தயாரான இடத்திலிருந்து உங்கள் அங்கன்வாடி வரையில், பெரும்பாலான மருந்துகளுக்கு, இரண்டு டிகிரிக்குக் குறையாமலும் எட்டு டிகிரிக்கு மிகாமலும் அந்தக் குளிர்ச்சி காக்கப்பட வேண்டும். சில மருந்துகள் சூட்டால் கெடும், சில உறைந்துபோனாலும் கெடும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. தட்டம்மை ரூபெல்லா மருந்து பொடியாக வருவது; அதை அதற்கென்றே வந்த நீரில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுமுடிக்க வேண்டும், மிஞ்சியதைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். இவை அனைத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ‘அந்தச் சதுரத்தைக் காட்டுங்கள் அம்மா’ என்று ஒரு தாய் கேட்டால் எந்த நல்ல செவிலியரும் கோபிக்க மாட்டார். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதும் காரணத்தோடுதான்: மிக அபூர்வமாக ஏற்படும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கு மருந்தும் அவர் கைவசம் இருக்கும். காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வருவது சகஜம். ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

நம்பிக்கை எத்தனை சீக்கிரத்தில் குலையும் என்பதை 2017-இல் கண்டோம். தட்டம்மை ரூபெல்லா ஊசியைப் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலேயே போடுவதென்று பிப்ரவரி மாதத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வதந்திகள் புறப்பட்டன. மெத்தப் படித்த பெற்றோரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். அரசாங்கம் காலக்கெடுவை நீட்டிக்க நேர்ந்தது. இத்தகைய வதந்திகளுக்கெல்லாம் மூலமாக அடிக்கடி காட்டப்படுவது, 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை, ரூபெல்லா முதலியவற்றைத் தடுக்கும் கூட்டு ஊசிக்கும் ஆட்டிசம் என்ற நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாமென்று எழுதிய கட்டுரை. பிற்பாடு பல தேசங்களில் லட்சக்கணக்கான குழந்தைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் அப்படி ஒரு சம்பந்தமே இல்லை என்று காட்டின. 2010-இல் அக்கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கட்டுரை போய்விட்டது, பயம் மட்டும் கடல் கடந்து நம் ஊர்க் கைபேசிகளில் இன்னும் உலவுகிறது.

அசட்டையின் விலை என்ன என்பதற்குத் தொலைவில் தேடவேண்டாம். கொரோனாக் காலத்தில் வழக்கமான ஊசிகள் தடைப்பட்டபின், 2022-இன் இறுதியில் மும்பையின் நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் பலர் இறந்தனர். செல்வம் காப்பாற்றும் என்று எண்ணுவோருக்கு அமெரிக்காவைக் காட்டுகிறேன்: 2000-இல் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த அத்தேசத்தில், 2025-இல், டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் எழுநூறு பேருக்கு மேல் அந்நோய் கண்டது, ஊசி போடாத பள்ளிக் குழந்தைகள் இருவர் மாண்டனர்.

முடிக்குமுன் இந்த ஊராரிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். கரும்பு வெட்டவும், செங்கற்சூளைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யவும் வெளியூர்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் நம் பகுதிக்கு வந்து தங்குகின்றன. இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுடைய குழந்தைகளுக்குத்தான் தவணைகள் அதிகம் தவறிப்போகின்றன. அவர்களை வேலைக்கு அழைத்துவரும் நிலக்காரர்களும் மேஸ்திரிகளும், குழந்தைகளின் ஊசி அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் செவிலியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் எந்த ஊர்க் குழந்தைக்கும் ஊசி இலவசம். அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக யாரையும் திருப்பியனுப்ப மாட்டார்கள், தவணை பிந்திவிட்டது என்பதற்காக முதலிலிருந்து தொடங்கவும் வேண்டியதில்லை.

தாய்மார்களே, உங்களுக்கான விண்ணப்பம் இது. இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தபோதும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும் உள்ள கட்டங்கள் அநேகமாக நிரம்பியிருக்கும். ஒன்றரை வயதுக்குரிய கட்டத்தையும் ஐந்து வயதுக்குரிய கட்டத்தையும் பாருங்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடவேண்டிய ஊசியைப் பள்ளியில் போட்டார்களா என்று பிள்ளையையே கேளுங்கள். வெறுமையாக ஏதேனும் ஒரு கட்டம் இருந்தால், வருகிற புதன்கிழமை காலையில் அட்டையை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு செவிலியரிடம் போங்கள்.